அய்யாத்துரை, விசாக நட்சத்திரம்

போன் இன்னும் அடிக்கவில்லை. அடிக்காதவரை அப்பா இருக்கிறார், அடித்தால் போய்விட்டார், இதில் குழப்பம் ஒன்றுமில்லை என்று ஜெயக்கொடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து ஒரு நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். மதியம் இரண்டேகால். வர்க்கலாவில் கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கிற செம்மண் குன்றின் மேல், முதுகில் மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் தங்குகிற விடுதி ஒன்றின் முற்றத்தில், இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கட்டிய வலைத்தூளியில் அவள் மல்லாந்து கிடந்தாள். வயிற்றின் மேல் கிடந்த போன் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. நாற்பத்து நாலு வயதுப் பொம்பளை தூளியில் ஆடுகிறாள் என்று கோவில்பட்டியில் தெரிந்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். இங்கே சிரிக்க ஆளில்லை. இங்கே எல்லோரும் சும்மா இருப்பதற்கென்றே ரயிலேறியும் பறந்தும் வந்தவர்கள். காலையில் எழுந்ததும் இன்றைக்கு எங்கே சும்மா இருக்கலாம், மணலிலா காபிக்கடையிலா என்று கூடி ஆலோசிக்கிறார்கள். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு யாரும் இதுவரை சொல்லியிருக்கவில்லை. சும்மா இருந்தால் நினைப்பு வந்துவிடுகிறது. வீட்டில் நினைப்புக்கு ஏது நேரம், கஞ்சி வைக்க வேண்டும், விரிப்பை அலச வேண்டும், அப்பாவைப் புரட்டிப் போட வேண்டும். இங்கே தென்னை ஓலை ஆடுகிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பச்சை ஓலையைப் பார்த்தால் பாடைக்கு முடைகிற ஓலை ஞாபகத்துக்கு வருகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணை மூடினால் லிங்கம்மா அத்தை வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அப்பாவுக்கு அக்கா, எண்பது வயதிலும் நாக்கு மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. அப்பா பக்கவாதம் வந்து விழுந்து நாலு வருஷம் ஆகிறது. வலப்பக்கம் முழுக்கப் போய், கூடவே பேச்சும் போய்விட்டது. போன ஆடியில் ஒருநாள் கஞ்சி இறங்கவில்லை, மூச்சு இழுத்தது, டாக்டரும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். சொந்தபந்தம் கூடிவிட்டது. ஆளுக்கொரு கரண்டி பால் விட்டார்கள். கடைசிப் பால் என்று விட்டதை அவர் சப்புக்கொட்டிக் குடித்தார். உயிர் எந்த ஆசையில் நிற்கிறதோ அதைக் கரைத்து வாயில் விட்டால் நிம்மதியாகப் பிரியும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். காட்டு மண்ணைக் கரைத்து விட்டார்கள். செத்துப்போன அம்மாவின் தோட்டைக் கல்லில் உரசி விட்டார்கள். அண்ணன் வேல்ராஜ் ஒரு படி மேலே போய், அப்பா முப்பது வருஷம் டைம்கீப்பராக நின்ற பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பொட்டலம் மண் அள்ளிக்கொண்டு வந்தான். டீசல் வாடை அடிக்கிற அந்த மண்ணையும் கரைத்து விட்டார்கள். அதையும் குடித்துவிட்டு மறுநாள் ஒரு இட்லி சாப்பிட்டார். ஆசையைத் தீர்த்து அனுப்பப் பார்த்தால் ஆளுக்கு ஊட்டம் ஏறுகிறது. அப்போதுதான் அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "மண்ணுலயும் இல்ல, பொன்னுலயும் இல்ல. அவன் உசுரு இந்தப் பொட்டப்பிள்ள மேல நிக்கி. இவ கண்ணு முன்னால நடமாடுற வரைக்கும் அது போகாது. ஒரு பத்து நாள் கண்மறைவா அனுப்பி வைங்க, தன்னால அத்துக்கும்."

ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. சரி, அவர்கள் பேசவில்லை, அவர்களுக்கு என்ன, அவள் பேசினாளா? பேசவில்லை. அடுப்படிக்குப் போய் நின்றாள். அங்கே நின்று அவள் முதலில் நினைத்தது என்ன? ஐயோ அப்பா என்றா? அதுவும் இல்லை. பத்து நாள் தூங்கலாம் என்று நினைத்தாள். அதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்ல முடியும், அவளே அவளிடம் சொல்லிக்கொள்ளக் கூசுகிறது. அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அண்ணன் மகள் சிந்துஜா திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவளே போனில் தட்டி இந்த விடுதியில் பத்து நாளைக்கு ஒரு படுக்கை பிடித்துக் கொடுத்து, தன் பழைய முதுகுப்பையையும் கொடுத்தாள். ஆறு பெண்கள் படுக்கிற அறை, மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில்கள், ரயில்பெட்டி மாதிரி. அண்ணன் மனைவி, சண்முகக்கனி மதினி, ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். "அங்க போயி போன் பண்ணிக்கிட்டு இருக்காத, என்ன. ஒன் கொரலு மாமா காதுல விழுந்தா திரும்பப் பிடிச்சுக்குவாக. ஏதாச்சும்னா நாங்களே கூப்பிடுதோம்" என்றாள். ஏதாச்சும் என்றால் என்ன என்று மதினியும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. குருவாயூர் எக்ஸ்பிரஸ் வந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதுகுப்பையோடு ஏறியவளைப் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

ஒரு விசில். ஜெயக்கொடி தூளியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கால் தரையைத் தேடியது, கை செருப்பைத் தேடியது. பிறகுதான் அது கீழே கடற்கரையில் காவல்காரர் ஊதியது, யாரோ கொடிக்கு அந்தப் பக்கம் குளிக்கப் போயிருக்கிறார்கள் என்று உறைத்தது. ஐந்து நாளாக இதே பாடு. குன்றுக்குக் கீழே அந்த மனுஷன் தன் பிழைப்புக்கு ஊதுகிறான், குன்றுக்கு மேலே இவள் எழுந்து எழுந்து உட்காருகிறாள். பேச்சு போன பிறகு அப்பாவுக்கு இருந்த ஒரே வாய் அவருடைய பழைய பித்தளை விசில்தான். டிரைவர்களையும் கண்டக்டர்களையும் நடுங்க வைத்த விசில் அது. கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். ஒரு விசில் என்றால் தண்ணீர், இரண்டு என்றால் ஒன்றுக்கு. மூன்று விசிலுக்கு அர்த்தமே கிடையாது. மூன்று விசிலுக்கு அடித்துப்பிடித்து ஓடிப்போய் நின்றால் அவர் சும்மா பார்ப்பார். இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். குளித்துக்கொண்டிருக்கும்போது மூன்று விசில், சோற்றில் கை வைத்தால் மூன்று விசில். ஒருநாள் ஈரத்தலையோடு ஓடிவந்து, "எங்க போயிறப் போறேன்? போறதுக்கு எனக்கு எங்க எடம் இருக்கு?" என்று கத்திவிட்டாள். அவர் விசிலை வாயிலிருந்து கீழே போட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் வரை ஊதவில்லை, தண்ணீருக்குக்கூட. அந்தச் சாயங்காலம் அவளுக்கு வலித்த வலி இருக்கிறதே, அது இன்னும் போகவில்லை.

போறதுக்கு எங்க எடம் இருக்கு என்று சொன்னதில் தப்பு இருக்கிறதா? எந்த இடத்தையும் இல்லாமல் செய்தவர் யார்? அவளுக்கு இருபத்து நாலு வயதில் சாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பத்து மணிக்கு வருகிறோம் என்றவர்கள் பத்து நாற்பதுக்கு வந்தார்கள். வழியில் டயர் பஞ்சர். அப்பா வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்து, "நாப்பது நிமிசம் லேட்டு. நேரத்துக்கு வர முடியாதவன் எம்பிள்ளைக்கு நேரத்துக்கு என்ன செய்யப்போறான்?" என்று கேட்டார். கேசரியைக்கூடத் தொடாமல் போனார்கள். அடுத்தவன் நேரத்துக்கு முன்னாலேயே வந்தான்; அவ்வளவு அவசரம் என்ன என்று அதற்கும் ஒரு குறை. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள், அப்பா குற்றம் பார்த்தே பழகிய மனுஷன், அதற்குத்தான் அரசாங்கம் அவரைப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தது. அதே அப்பாதான் அவள் ஜவுளிக்கடை வேலை முடிந்து எட்டரை மணி டவுன்பஸ்ஸில் வரும்போது, எட்டு இருபதுக்கே ஸ்டாப்பில் வந்து நின்றுகொண்டிருப்பார். மழையில் குடையோடு, வெயிற்காலத்தில் நுங்குப் பொட்டலத்தோடு. பதினாறு வருஷம், ஒருநாள் தவறியதில்லை. பக்கவாதம் வந்ததும் அந்த ஸ்டாப்பில்தான். பஸ் வந்து நின்றபோது அவர் தரையில் கிடந்தார். அவளுக்காகக் காத்திருந்து விழுந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொல்லி முடிக்குமுன் அவள் வேலையை விட்டாள். இதில் யார் யாரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று அத்தைக்குத் தெரிந்த மாதிரி அவளுக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் பழைய கதை, பழைய கதையில் பயமில்லை. பயம் இன்றைக்குக் காலையில்தான் பிடித்தது. நாலு வருஷமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் போட்டுப் பழகிய உடம்பு, புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும், அதனால் இங்கேயும் இரண்டு மணிக்கொருதரம் விழித்துக்கொள்கிறது. விழித்த கை இருட்டில் ஒரு தோளைத் தேடுகிறது, தலையணைதான் அகப்படுகிறது. ஆறு மணிக்கு அப்படி விழித்தவள் இனித் தூக்கமில்லை என்று குன்றிலிருந்து படியிறங்கி மணலுக்குப் போனாள். அங்கே வரிசையாகக் குடைகள், குடைக்கடியில் நம்பூதிரி மாதிரி ஒருவர், அவர் எதிரே வாழையிலை போட்டு ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் பூ, இலையில் சந்தனம். கடலோரத்தில் ஏதோ அர்ச்சனை நடக்கிறது என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். ஒரு இலை காலியாக இருந்தது. அந்த ஆள் இவளைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கை காட்டினார். உட்கார் என்று நாலு வருஷத்தில் அவளிடம் யாரும் சொன்னதில்லை, அவள் உட்கார்ந்துவிட்டாள். "ஆருக்கா?" என்று கேட்டார். "அப்பாவுக்கு" என்றாள். பெயர்? அய்யாத்துரை. நட்சத்திரம்? விசாகம். நம்மூர்க் கோயில் குருக்களும் இதைத்தானே கேட்பார், அவளும் அர்ச்சனைத் தட்டை நீட்டிக்கொண்டு ஆயிரம் தடவை சொன்னதுதானே. அவர் ஒரு புல்லை முறுக்கி மோதிரம் மாதிரி அவள் விரலில் போட்டார். தர்ப்பை.

தர்ப்பை என்று தெரிந்ததா? தெரிந்தது. அம்மா இறந்தபோது அண்ணன் விரலில் பார்த்திருக்கிறாள், தூரத்திலிருந்து. அவர்கள் ஊரில் பெண்களுக்குத் தெருமுக்கோடு சரி, அதற்குமேல் எல்லாம் ஆண்பிள்ளை சமாச்சாரம். இங்கே என்னடா என்றால் பொம்பளை கையில் மோதிரம் போடுகிறார்கள். அவளுக்கு ஒரு பெருமையாகக்கூட இருந்தது, வெட்கம்கெட்ட பெருமை. சரி, இந்த ஊரில் நல்லதுக்கும் தர்ப்பை போடுவார்கள் போல என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். மனசுக்குச் சமாதானம் சொல்வதா பெரிய கஷ்டம், கூலி வாங்காத வக்கீல் அது. பிறகு பச்சரிசிச் சாத உருண்டை வந்தது. பிறகு அவள் உள்ளங்கையில் எள் விழுந்தது. எள்ளுக்கு மேல் என்ன சமாதானம் சொல்ல முடியும்? கறுப்பாக, ஈரமாக, உள்ளங்கை ரேகையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எழுந்திருக்கலாம். உயிரோடு இருக்கிறார் சாமி, தப்பாக உட்கார்ந்துவிட்டேன் என்று சொன்னால் அந்த மனுஷன் அடிக்கவா போகிறார்? அவர் கண்ணை மூடி, "அச்சன மனசுல நெனச்சோ" என்றார். அவள் அப்பாவை நினைத்தாள். படுக்கையில் கிடக்கிற முகம் வரும் என்று பயந்தாள், அது வரவில்லை. காக்கிச் சட்டையில், கையில் பலகையோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ் வருகிற திசையைப் பார்த்து நிற்கிற அப்பா வந்தார். அப்படி நிமிர்ந்து நிற்கிற அப்பாவைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறதே, அவர் போய்த்தானே நாலு வருஷம் ஆகிறது, அவருக்கு யார் எள் போட்டார்கள்? விரலிடுக்கு வழியாகத் தண்ணீரும் எள்ளும் வழிந்தன. மூன்று தடவை. பிறகு இலையைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, திரும்பிப் பார்க்காமல் பின்னால் விட்டாள். ஒரு அலை வந்து அவளையும் சேர்த்துக் கவிழ்த்தது. கரையேறும்போது உடம்பு லேசாக இருந்தது. நாலு வருஷத்தில் அப்படி இருந்ததே இல்லை. அந்த லேசு குன்றின் பாதிப் படி வரைக்கும்தான் தாங்கியது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன காரியம் செய்துவிட்டு வருகிறாய், பாவி.

விடுதியில் கூட்டிப் பெருக்குகிற ஷைனி என்கிற அம்மாள்தான் முதலில் பார்த்தாள். சொட்டச் சொட்ட நின்ற சேலையையும் விரலில் அவிழ்க்க மறந்த புல்லையும் பார்த்துவிட்டு விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "யாரா சேச்சி? அச்சனோ?" ஆமா என்றாள் ஜெயக்கொடி. "எப்ப மரிச்சது?" என்று கேட்டாள் ஷைனி. "இப்பதான்" என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் அதைத் திருத்துவது எப்படி? ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டால் குடையத்தான் செய்யும். ஷைனி அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள், "சாரமில்ல, சாரமில்ல" என்று, பரவாயில்லை என்கிற மாதிரி, முதுகைத் தடவினாள், மீன் மணக்காத தனிச் சட்டியில் கஞ்சி வைத்துப் பயறோடு கொண்டுவந்து கொடுத்தாள். "இவ்விட கிடந்தோ, ஒரு பணியும் செய்யண்டா" என்று இந்தத் தூளியைக் காட்டினாள். அவள் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அறையில் பாட்டு நின்றது. மேல்கட்டிலில் படுக்கிற ஹாலந்துப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், இறங்கி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் மேல் வெயிலுக்குப் பூசுகிற களிம்பு வாசம் அடித்தது. கடைசியாகத் தன்னை யார் கட்டிப்பிடித்தார்கள் என்று ஜெயக்கொடி யோசித்துப் பார்த்தாள், ஆள் அகப்படவில்லை. அப்பாவைத் தூக்கி உட்காரவைக்கும்போது அவர் இடது கை அவள் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும், அதைச் சேர்த்துக்கொள்ளலாமா? அழுகை வந்துவிட்டது. பொய்யில் தொடங்கிய அழுகைதான், ஆனால் முடிந்தபோது அதில் பொய் இல்லை. உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு நாலு வருஷம் பீத்துணி அலசியபோது ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்காத உலகம், செத்துவிட்டார் என்றதும் கஞ்சியும் தூளியும் கொடுக்கிறது. அது அவளுக்குப் பிடித்தும் இருக்கிறது. அதுதான் கொடுமை.

மணி மூன்று. ஓலை ஆடுகிறது. எள் போட்டால் எத்தனை நேரத்தில் போய்ச் சேரும்? அபத்தமான கேள்வி, ஆனால் மனசு அதைத்தான் சப்பிக்கொண்டிருந்தது. மேலே இருப்பவன் அப்பாவைப் பார்த்து, உனக்குத்தான் எள்ளும் தண்ணீரும் வந்துவிட்டதே, உன் மகளே விட்டுவிட்டாளே, இன்னும் அந்தக் கட்டிலில் என்ன வேலை என்று கேட்டால் அவரால் பதில்கூடச் சொல்ல முடியாதே. வாயில்லாத மனுஷனுக்கு இப்படி ஒரு துரோகம். அவள் போனை எடுத்தாள். மதினி பெயரைத் தொட விரலைக் கொண்டுபோனாள். ஒன் கொரலு காதுல விழுந்தா திரும்பப் பிடிச்சுக்குவாக. விரல் நின்றது. வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அது குத்தியது: அப்படியென்றால் ஒரு குரல் போதும். அத்தை சொன்னது நிஜமானால், இங்கிருந்து ஒரு அப்பா என்ற சத்தம் போனால் போதும், எள்ளாவது தண்ணீராவது, அவர் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கொடுக்க வேண்டியது ஒரே ஒரு குரல். அதை ஏன் கொடுக்காமல் இந்தத் தூளியில் கிடக்கிறாள்? மதினி சொன்னாள் என்றா? மதினி சொல்லுக்கு என்றைக்கு அடங்கினாள் இவள்? இரண்டாம் தரம் எடுத்தாள், வைத்தாள். பிடித்துக்கொண்டு நின்றால் இன்னும் எத்தனை வருஷம்? இரண்டு மணிக்கொருதரம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. இடுப்பெலும்பு இப்போதே கழன்ற கீல் மாதிரி கிடக்கிறது. ஐம்பது வயதாகும், ஐம்பத்தைந்தாகும். அப்பா வேண்டும். ஆனால் அந்தக் கட்டில் வேண்டாம். கட்டில் இல்லாமல் அப்பா கிடையாது. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு மாடு மாதிரி படுத்துக்கொள்கிறது, அடித்தாலும் எழுவதில்லை.

போன் அடித்தது. வயிற்றுக்கு மேலேயே அடித்ததால் சத்தத்தைவிட அதிர்வு முதலில் உடம்புக்குள் இறங்கியது. இனிமேல் தூங்கலாம். அதுதான் வந்தது, முதலில் அதுதான் வந்தது, ஒளிக்க முடியாமல் முழுசாக வந்தது. அதற்குப் பின்னால்தான் அப்பா என்ற சொல் வந்தது, வெடுக்கென்று நிமிர்ந்ததில் போன் நழுவி மண்ணில் விழுந்தது. எடுத்து, துடைத்து, காதில் வைத்தால் ஒரு பெண்குரல் மலையாளத்தில் கொஞ்சிக் கொஞ்சி, இந்த ரீசார்ஜ் போட்டால் அந்தப் படமெல்லாம் பார்க்கலாம் என்றது. பதிவுசெய்த குரல். அது பேசி முடிக்கும்வரை ஜெயக்கொடி கேட்டுக்கொண்டிருந்தாள், அணைக்கத் தோன்றவில்லை. களைப்பு என்றால் இதுதான். நாலு வருஷம் தூக்கியது, அலசியது எல்லாம் வெறும் உடம்புக் களைப்பு, அது படுத்தால் போகும். ஒரு மனுஷன் சாவானா மாட்டானா என்று காத்துக்கிடக்கிற களைப்பு படுக்கப் படுக்க ஏறுகிறது. போதும். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இன்னும் இருபது வருஷம் இருக்கட்டும், இந்தக் காத்திருப்பு வேண்டாம். அவள் தூளியிலிருந்து இறங்கி, தென்னையில் சாய்ந்து நின்று, யோசிக்க இடம் கொடுக்காமல் மதினி பெயரை அழுத்தினாள்.

"அட, ஒனக்கு நூறு வயசு" என்றாள் சண்முகக்கனி மதினி. "நானே கூப்பிடணும்னு போனக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன்."

"மதினி, அப்பா..."

"மாமாவுக்கு என்ன, ராசா மாதிரி இருக்காக. நீ போன மறுநாளே ரெண்டு இட்லி. இன்னைக்குக் காலைல மூணு. நேத்து ஒங்க அண்ணன் தாங்கிப் பிடிச்சு சேர்ல உக்கார வச்சாக, டிவி பாத்தாக. அத்தை சொன்ன மாதிரி ஒண்ணும் அத்துப்போகல. நாந்தான் அத்துப்போயிட்டேன். அஞ்சு நாள்ல எனக்கு இடுப்புப் போச்சு ஜெயக்கொடி, நீ எப்படித்தான் பாத்தியோ. நாளைக்கே கெளம்பி வந்துரு தாயி."

காலை மூன்று இட்லி என்றால் அவள் எள் விட்ட நேரம். அவள் இல்லாமல் மூன்று இட்லி. ஊட்டிவிட்டால் ஒன்றரைக்கு மேல் வாயைத் திறக்காத மனுஷன். அவர் உயிர் அவள் மேல் நிற்கவில்லை, எங்கேயும் நிற்கவில்லை, அதுபாட்டுக்கு இருக்கிறது. நாலு வருஷம் அவளால்தான் இருக்கிறார் என்று அவளும் நம்பியிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சந்தோஷம் சோறு முடிந்து மோர் வருகிற மாதிரி மெதுவாகப் பின்னால் வந்தது, வந்து தொண்டையை நனைத்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் மதினி.

"போன அப்பா காதுல வைங்க மதினி."

"வைக்கக் கூடாதுன்னு அத்தை..."

"வைங்க."

செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு ஒரு மூச்சு. கரகரவென்று, இழுத்து இழுத்து. அந்த மூச்சை ஆயிரம் மூச்சுக்கு நடுவில் அவளால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும். என்ன பேசுவது? சாப்பிட்டீர்களா என்றா, மூன்று இட்லி என்றுதான் தெரிந்துவிட்டதே. அவளுக்குப் பொய்யும் களைத்துவிட்டது.

"அப்பா, நாந்தான் கொடி. இங்க கடல்ல ஒங்களுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டேன்ப்பா. ஒங்க பேரு, நச்சத்திரம் எல்லாம் சொல்லி விட்டேன். தெரியாமத்தான் உக்காந்தேன். தெரிஞ்ச பெறகும் எந்திரிக்கல."

மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு சத்தம் வந்தது, விக்கல் மாதிரி, இருமல் மாதிரி, நெஞ்சிலிருந்து விட்டு விட்டு. அது நிற்கவே இல்லை.

"ஏய், என்னத்தச் சொன்ன அவுககிட்ட?" மதினி போனைப் பிடுங்கிவிட்டாள். "ஒடம்பே குலுங்குது. கண்ணுல தண்ணியா வடியுது."

"அழுதாகளா, சிரிக்காகளா?"

"அந்தக் கோணவாயில என்னத்தக் கண்டேன் நான்?"

"எடது கண்ணப் பாருங்க மதினி. அழுதா ரெண்டு கண்ணும் தெறந்தே கெடக்கும். சிரிச்சா எடது கண்ணு மட்டும் சுருங்கும். பாத்துச் சொல்லுங்க."

மதினி கிட்டே போய்ப் பார்க்கிறாள் போல. சேலை உரசுகிற சத்தம் கேட்டது, அந்த விக்கல் சத்தம் போனுக்குப் பக்கத்தில் வந்தது. ஜெயக்கொடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். குன்றுக்குக் கீழே கடல் இரைந்தது.

"சுருங்கித்தான் இருக்கு" என்றாள் மதினி. "ஆமா, நல்லா இறுக்கச் சுருக்கிட்டு இருக்காக. பிள்ளையா இது, அப்பனா இது, எனக்கு ஒண்ணும் வெளங்கல. சரி, நாளைக்கு எந்த ரயிலுக்கு வார?"

ஜெயக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்து நாளுன்னுதான மதினி அனுப்புனீங்க. இன்னும் அஞ்சு நாள் இருக்கு. முடிச்சிட்டு வாரேன்னு அப்பாட்ட சொல்லிருங்க."